பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பதற்கு முன்: டாஸ்க் மேனேஜர் ஓர் அறிமுகம்

பெரியப்பா சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வேலை ஓடும். முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் வாரம் ஒரு முறையாவது எனக்கு அவரிடமிருந்து போன் வந்துவிடும்.

"டேய், சிஸ்டம் மறுபடி ஹேங் ஆயிடுச்சு. பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் பெரியப்பா, ரெண்டு நிமிஷம் இருங்க. திரையில என்ன தெரியுது?"

"சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கு. மேலே நாட் ரெஸ்பாண்டிங்னு போட்டிருக்கான்."

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவருக்கும் இந்த வெளுத்த திரை புதிதில்லை. பெரும்பாலானோர் செய்வதும் பெரியப்பா செய்ய நினைத்ததைத்தான். ஒரே ஒரு மென்பொருள் மக்கர் செய்தால் மொத்த மின்சாரத்தையும் பிடுங்குவது. ஒரு பல்பு எரியவில்லை என்பதற்காக வீட்டு மெயினை ஆஃப் செய்வது போல. அதற்குத் தேவையே இல்லாமல் செய்யும் ஒரு கருவி விண்டோஸிலேயே இருக்கிறது, டாஸ்க் மேனேஜர். அதை எப்படித் திறப்பது என்பது பலருக்குத் தெரியும். திறந்த பிறகு எதைப் பார்ப்பது, எதை மூடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் குழப்பம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ப்ராசஸ். அச்சகத்தில் பிளேட் அலமாரியில் கிடக்கும்வரை அது வெறும் தகடு. மிஷினில் ஏற்றி, மை போட்டு, தாள் ஓடத் தொடங்கினால்தான் அது வேலை. ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் மென்பொருள் அந்தத் தகடு. அதை நீங்கள் டபுள் கிளிக் செய்ததும் விண்டோஸ் அதற்கு ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இடம் ஒதுக்கி, ஓர் எண் கொடுத்து, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரில் முறை வைத்து ஓடவிடுகிறதே, அந்த ஓட்டம்தான் ப்ராசஸ். ஒரே மென்பொருளை நான்கு முறை திறந்தால் நான்கு ப்ராசஸ் ஓடலாம். நீங்கள் ஒன்றைத்தான் திறந்தீர்கள் என்றாலும் அதுவே தனக்குள் இருபது ப்ராசஸ்களை ஓடவிடலாம். குரோம் பிரவுசர் 2008இல் வந்தபோதே இந்த வழியில்தான் வந்தது. ஒரு பக்கம் செத்தால் மற்ற பக்கங்கள் சாகக்கூடாது என்று தாவல்களைத் தனித்தனி ப்ராசஸ்களாகப் பிரித்து வைத்தார்கள். டாஸ்க் மேனேஜரில் குரோம் என்ற பெயர் வரிசையாக நிற்பதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வெளுத்த திரை எங்கிருந்து வருகிறது?

ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் ஒரே ஓர் ஆள். வருகிறவர் எல்லாரும் சீட்டில் எழுதி முன்னால் வைக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கொடுக்கிறார். மென்பொருளின் ஜன்னலும் இப்படித்தான் இயங்குகிறது. நீங்கள் மவுஸை அசைப்பது, கிளிக் செய்வது, எழுத்தை அடிப்பது எல்லாமே ஒவ்வொரு சீட்டு. விண்டோஸ் அவற்றை அந்த மென்பொருளின் வரிசையில் போட்டுவிடும். மென்பொருள் எடுத்துப் பார்க்க வேண்டியது.

கல்லா ஆள் ஏதோ ஒரு சாமானைத் தேடி உள்ளே குடோனுக்குப் போய்விட்டார் என்றால்? சீட்டுகள் குவிகின்றன, வெளியே இருந்து பார்த்தால் கடையில் ஆளே இல்லாத மாதிரி தெரிகிறது. விண்டோஸ் 5 வினாடி பார்க்கும். அதற்குள் வரிசையிலிருந்து ஒரு சீட்டைக்கூட எடுக்கவில்லை என்றால், ஆள் பதில் சொல்லவில்லை என்று முடிவு கட்டிவிடும். அப்புறம் அது செய்வது சுவாரசியமானது. அந்த மென்பொருளின் ஜன்னலை மறைத்துவிட்டு, அதே இடத்தில், அதே அளவில், அதன் கடைசித் தோற்றத்தைப் படமாக ஒட்டிய ஒரு போலி ஜன்னலை நிறுத்துகிறது. நீங்கள் பார்க்கும் வெளுத்த திரை மென்பொருளே இல்லை. விண்டோஸ் மாட்டிய பலகை. அதனால்தான் செத்துப்போன ஜன்னலைக்கூட உங்களால் இழுத்து நகர்த்த முடிகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். நாட் ரெஸ்பாண்டிங் என்றால் செத்துவிட்டது என்று பொருளில்லை. 5 வினாடியாகப் பதில் இல்லை, அவ்வளவுதான். குடோனுக்குப் போனவர் சாமானோடு திரும்பி வரலாம். 300 பக்கப் புத்தகத்தைப் பி.டி.எஃப். ஆக்கச் சொல்லியிருந்தால் நேரம் ஆகத்தான் செய்யும். அதற்குள் பெருக்கல் குறியைப் பத்து தடவை அழுத்துவதில் லாபமில்லை. அந்தக் குறியை அழுத்துவதும் ஒரு சீட்டுதான், "தயவுசெய்து மூடவும்" என்ற சீட்டு. அதையும் அதே ஆள்தான் வந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, திறப்போம்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நேராக டாஸ்க் மேனேஜர் வந்து நிற்கும். பலரும் பழக்கத்தில் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தி, அப்போது வரும் திரைக்குப் போய், அங்கிருந்து தேர்ந்தெடுப்பார்கள். அதுவும் சரிதான், திரை முழுவதையும் ஏதாவது ஒரு விளையாட்டு அடைத்துக்கொண்டு நகர மறுக்கும்போது அந்த வழிதான் கைகொடுக்கும்.

இந்த மூன்று விசைக் கூட்டுக்கு ஒரு கதை உண்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி, சோதனையின்போது ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை அணைத்து ஏற்றுவதைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி வைத்தார். முதலில் அவர் யோசித்தது கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். அது இடது கையாலேயே தவறுதலாக அழுந்திவிடும் என்பதால், வலது ஓரத்தில் இருந்த டெலிட்டுக்கு மாற்றினார். இரண்டு கையும் வேண்டும், தெரியாமல் நடக்காது. அன்று அது கம்ப்யூட்டரை அப்படியே ரீஸ்டார்ட் செய்யும் விசை. விண்டோஸ் 95இல் அதே விசையை அழுத்தினால் ஓடும் மென்பொருட்களின் சின்னப் பட்டியல் ஒன்று வந்தது, எதை மூடலாம் என்று கேட்டது. மறுபடி அழுத்தினால் பழையபடி ரீஸ்டார்ட். ஒரு தடவை அழுத்துகிறேன் என்று பதற்றத்தில் இரண்டு தடவை அழுத்திப் பலர் வேலையை இழந்திருக்கிறார்கள். இன்றைய டாஸ்க் மேனேஜரின் மூலவடிவத்தை டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் வீட்டில் தன் சொந்த உபயோகத்துக்காக எழுதினார். 1996இல் விண்டோஸ் என்.டி. 4.0இல் அது சேர்ந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது முகமே மாறியது. விண்டோஸ் 11இல் தாவல்கள் இடப்பக்கம் போய்விட்டன. உள்ளே இருக்கும் யோசனை ஏறக்குறைய அதேதான்.

திறந்ததும் ப்ராசஸஸ் என்ற பக்கம். பெயர் ஒரு பக்கம், அதற்கு நேரே சி.பி.யு. (பிராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு கட்டம். கட்டத்தின் நிறம் அடர்த்தியாக இருந்தால் அந்த இடத்தில் சுமை அதிகம். மேலே இருக்கும் தலைப்பில் ஒரு கிளிக் செய்தால், அதிகம் தின்பது முதலில் வந்து நிற்கும். புதிதாகப் பழகுபவர் இதை மட்டும் ஒரு வாரம் செய்து பார்த்தாலே தன் கம்ப்யூட்டரின் குணம் பிடிபட்டுவிடும்.

மூடுவதா, பொறுத்திருப்பதா என்று முடிவு செய்ய இந்த எண்களைத்தான் பார்க்க வேண்டும். பதில் சொல்லாத மென்பொருளுக்கு நேரே டிஸ்க், சி.பி.யு. எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எல்லாம் பூஜ்யத்தில் சில நிமிடங்களாகப் படுத்துக் கிடந்தால், எதற்காகவோ காத்திருக்கிறது. இன்னொரு வகை உண்டு. சி.பி.யு. மட்டும் ஒரே எண்ணில் ஆடாமல் அசையாமல் நிற்கும். பிராசசர் ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்க்கக் கூடியது என்றால் சுமார் 25 சதவீதம், எட்டு என்றால் சுமார் 12. அது செக்கு மாடு. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, பெரும்பாலும் மீளாது. அதை மூடிவிடலாம்.

பெரியப்பாவுக்கு அன்று இருந்தது இரண்டாவது வகை. எண்கள் எல்லாம் பூஜ்யம். டாஸ்க் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பக்கம் போய், அந்த மென்பொருளின் மேல் ரைட் கிளிக் செய்து, அனலைஸ் வெயிட் செயின் என்பதை அழுத்தச் சொன்னேன். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் வசதி அது. மறைவாக இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. பழைய 32 பிட் மென்பொருட்களுக்கு அச்சடிக்க உதவும் ஒரு துணை ப்ராசஸுக்காகக் காத்திருப்பதாக வந்தது. விஷயம் விளங்கிவிட்டது.

"பெரியப்பா, பிரிண்ட் கொடுத்தீங்களா?"

"ஆமா, அதுலதான் நின்னுச்சு."

"ஆல்ட் விசையைப் பிடிச்சுக்கிட்டு டேப் தட்டுங்க. சின்னதா ஏதாவது பெட்டி தெரியுதா?"

தெரிந்தது. முந்தின நாள் இரவு யாரோ பி.டி.எஃப். பிரிண்டரை டீஃபால்ட்டாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கோப்புக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்கும் பெட்டி பெரிய ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. இவர் மென்பொருளுக்காகக் காத்திருந்தார், மென்பொருள் இவருக்காகக் காத்திருந்தது. பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தால் சேமிக்காத ஒரு கல்யாணப் பத்திரிகை போயிருக்கும், அதுவும் இரண்டு பக்கத்துத் தாய்மாமன் பெயர்களையும் மூன்று தடவை திருத்திய பத்திரிகை.

மூடுவதில் படிகள் உண்டு

பெருக்கல் குறியை அழுத்துவது வேண்டுகோள். மென்பொருள் அதைப் படித்து, சேமிக்காத வேலை இருந்தால் "சேமிக்கட்டுமா?" என்று கேட்டு, திறந்திருக்கும் கோப்புகளை ஒழுங்காக மூடி, தானே வெளியேறும். இதுதான் நல்ல சாவு.

டாஸ்க் மேனேஜரில் என்ட் டாஸ்க் கொடுப்பது வேறு. அங்கே மென்பொருளிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. விண்டோஸ் அந்த ப்ராசஸின் ஓட்டத்தை நிறுத்தி, அது வைத்திருந்த ரேமைப் பிடுங்கி, அது திறந்து வைத்திருந்த கோப்புகளைத் தானே மூடிவிடும். சேமிக்காதது போனதுதான். வேர்டு போன்ற மென்பொருட்கள் தம் வேலையை அவ்வப்போது தாமே பத்திரப்படுத்தி வைக்கும். வேர்டில் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை. ஆக, மோசமான நாளில் கடைசிப் பத்து நிமிடம் கணக்கில் வராது. அந்த 10ஐ 2 என்று மாற்றி வைத்துக்கொள்ள ஆப்ஷன்ஸில் வழி இருக்கிறது. நான் எல்லார் கம்ப்யூட்டரிலும் போனவுடன் செய்யும் முதல் வேலை அது.

மூன்றாவது, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் இருக்கும் என்ட் ப்ராசஸ் ட்ரீ. தலையை மட்டுமல்ல, அது ஈன்ற எல்லாவற்றையும் சேர்த்து மூடுவது. இது அடிக்கடி தேவைப்படாது.

லினக்ஸ் பக்கம் போனால் இதே வித்தியாசத்துக்கு எண்களே வைத்திருக்கிறார்கள். 15 என்றால் கிளம்பச் சொல்வது, 9 என்றால் கேள்வியில்லாமல் முடிப்பது. மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் அழுத்தினால் ஃபோர்ஸ் க்விட் பட்டியல் வரும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் டாஸ்க்பாரில் இருக்கும் ஐகானிலேயே ரைட் கிளிக் செய்து என்ட் டாஸ்க் கொடுக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் டெவலப்பர்களுக்கான இடத்தில், இன்னும் புதியவற்றில் அட்வான்ஸ்டு என்ற இடத்தில், அதை இயக்கி வைக்க வேண்டும்.

சில நேரம் என்ட் டாஸ்க் கொடுத்தும் சாகாமல் நிற்கும். பெரும்பாலும் அது ஏதோ ஒரு சாதனத்திடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பதாக இருக்கும். கெட்டுப்போகும் நிலையில் இருக்கும் பென் டிரைவ், பாதியில் கழற்றிய ஹார்டு டிஸ்க், அணைந்து கிடக்கும் ஸ்கேனர். அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் பதில் சொல்லும்வரை விண்டோஸாலும் அந்த ப்ராசஸை முழுதாக முடிக்க முடியாது. அந்த வயரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி நேரம் அதோடு சரியாகிவிடும்.

கையை வைக்கக்கூடாத இடங்கள்

பட்டியலில் கீழே போகப் போக வாயில் நுழையாத பெயர்கள் வரும். எதையாவது மூடினால் இடம் கிடைக்கும் என்று ஆசையாக இருக்கும். வேண்டாம். விண்டோஸ் தன் உயிர்நாடியான ப்ராசஸ்களை மூட முயன்றால் எச்சரிக்கும், "இதை மூடினால் கம்ப்யூட்டர் நின்றுபோகலாம்" என்கிற பொருளில். அந்தப் பெட்டியில் டிக் போட்டு மேலே போனால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோவதுதான் மிச்சம்.

சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயர் ஐம்பது அறுபது தடவை இருக்கும். இதை வைரஸ் என்று காட்டிப் பயமுறுத்தும் வீடியோக்கள் நிறைய. விண்டோஸின் பின்னணிச் சேவைகளைச் சுமந்து ஓடும் வண்டி அது. முன்பெல்லாம் ஒரே வண்டியில் பத்து சேவைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, 3.5 ஜி.பி.க்கு மேல் ரேம் இருந்தால் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி வண்டி. ஒன்று கவிழ்ந்தால் மற்றவை பிழைக்கும் என்பதற்காக.

எனக்குப் பிடித்தது சிஸ்டம் ஐடில் ப்ராசஸ். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் 95 சதவீதம் என்று காட்டும். "இவன்தான்டா எல்லாத்தையும் தின்றான்" என்று ஒருவர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். அது பிராசசர் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. 95 என்றால் உங்கள் கம்ப்யூட்டர் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் ஓய்வில் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து ஓப்பன் ஃபைல் லொக்கேஷன் கொடுங்கள். விண்டோஸ் என்ற பெயர் கொண்ட ஒரு ப்ராசஸ் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து ஓடினால் கவலைப்பட வேண்டும்.

தைரியமாக மறுபடி தொடங்கக் கூடியது ஒன்று உண்டு. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர். டாஸ்க்பார் உறைந்துபோனாலோ, ஸ்டார்ட் மெனு வராவிட்டாலோ, அதைத் தேர்ந்தெடுத்தால் என்ட் டாஸ்க் இருக்கும் இடத்தில் ரீஸ்டார்ட் என்று வரும். அழுத்தினால் திரை ஒரு கணம் காலியாகி மறுபடி வரும். திறந்திருக்கும் மற்ற மென்பொருட்கள் அப்படியே இருக்கும்.

அச்சகத்துக்கும் கடைகளுக்கும் பயன்படும் இன்னொன்று பிரிண்ட் ஸ்பூலர், பிரிண்ட் கொடுத்தவற்றை வரிசையில் வைத்து அனுப்பும் சேவை. பிரிண்ட் கொடுத்தது வரிசையில் சிக்கிக்கொள்ளும், டெலிட்டும் ஆகாது, அடுத்ததும் போகாது. டாஸ்க் மேனேஜரின் சர்வீசஸ் பக்கத்தில் ஸ்பூலர் என்று தேடி, ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால், ஸ்பூலரை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே கிடக்கும் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். பிரிண்டர் மெக்கானிக்கைக் கூப்பிடும் செலவு பலமுறை மிச்சமாகியிருக்கிறது.

தொடங்கும்போதே ஏறிக்கொள்ளும் கூட்டம்

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் நிறுவும் மென்பொருள் பலவும், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் தானும் எழுந்திருக்க வேண்டும் என்று தன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகும். வருடம் ஒன்று ஓடுவதற்குள் இருபது பேர் சேர்ந்துவிடுவார்கள். அங்கே ஒவ்வொன்றுக்கும் எதிரே லோ, மீடியம், ஹை என்று போட்டிருக்கும். தொடங்கும்போது ஒரு வினாடிக்கு மேல் பிராசசர் நேரம் எடுத்தாலோ 3 எம்.பி.க்கு மேல் டிஸ்க்கைப் படித்து எழுதினாலோ அது ஹை. அதில் உங்களுக்குத் தினமும் தேவைப்படாததை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். மென்பொருள் அழியாது, கூப்பிட்டால் வரும், கூப்பிடாமல் வராது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அழகி, என்.எச்.எம். ரைட்டர் மாதிரியான மென்பொருள் வைத்திருந்தால் அவையும் இந்தப் பட்டியலில் இருக்கலாம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் டிசேபிள் செய்துவிட்டு, மறுநாள் "அம்மா" என்று அடித்தால் ஆங்கில எழுத்து வருகிறது என்று அலறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆன்டிவைரஸையும் ஒலிக்கான டிரைவரையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

ரேம் நிறைந்திருந்தால் தப்பா?

மெமரி 70 சதவீதம் என்று பார்த்ததும் பலருக்குப் பதறும். அது ஓடிக்கொண்டிருப்பவை எடுத்துக்கொண்ட பங்கு, இன்னும் இடம் இருக்கிறது. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை. அதனால் மீதி இடத்திலும் விண்டோஸ் நீங்கள் அடிக்கடி திறக்கும் மென்பொருட்களின் பகுதிகளை முன்கூட்டியே கொண்டுவந்து அங்கே வைத்துக்கொள்ளும். வேறொன்றுக்கு இடம் தேவை என்றால் நொடியில் விட்டுக்கொடுக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தினால் கேச்டு என்று தனியாகக் காட்டுவது அதைத்தான். கவலைப்பட வேண்டியது 90ஐத் தாண்டி அங்கேயே நின்று, கூடவே டிஸ்க்கும் 100இல் நிற்கும்போதுதான். ரேமில் இடமில்லாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்று பொருள். அப்போது பிரவுசர் தாவல்களைக் குறையுங்கள். குரோமிலேயே ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்தத் தாவல் எவ்வளவு தின்கிறது என்று அதற்கென்று ஒரு குட்டி டாஸ்க் மேனேஜர் வரும்.

ரேமை "சுத்தம் செய்து" தருவதாகச் சொல்லும் மென்பொருட்கள் இந்தப் பயத்தில்தான் பிழைக்கின்றன. அவை செய்வது, மென்பொருட்களும் விண்டோஸும் ரேமில் எடுத்துவைத்ததைக் கீழே தள்ளிவிடுவது. எண் குறையும், மனசு குளிரும், அடுத்த தடவை மென்பொருள் திறக்க நேரம் கூடும். இந்த வியாபாரம் புதிதுமில்லை. 1995இல் அமெரிக்காவில் சாஃப்ட்ரேம்95 என்று ஒன்று வந்தது, ரேமை இரட்டிப்பாக்குகிறேன் என்று. ஆராய்ந்து பார்த்தவர்கள் அது உருப்படியாக எதுவுமே செய்யவில்லை என்று கண்டுபிடித்தார்கள். 1996இல் அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டு அந்த விளம்பரத்துக்கு முடிவு கட்டியது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும் அதே சாதி. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் குறிப்பேடு. அதில் லட்சக்கணக்கான வரிகள். நீக்கிய மென்பொருளின் பழைய வரிகள் சில நூறு மிஞ்சிக் கிடப்பதால் வேகம் குறையாது. தவறான ஒரு வரியை அழித்தால் ஏதாவது ஒன்று ஓடாமல் போகலாம். இவற்றைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. சுத்தம் செய்யும் மென்பொருள் பெயர்பெற்றதாக இருந்தாலும் ஆபத்து வேறு வழியில் வரலாம். 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் திருடர்கள் தங்கள் நிரலைச் செருகிவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது இறங்கியது. பாதிக்கப்பட்ட பதிப்பு சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் இருந்தது. வீட்டைப் பெருக்க வருகிறவரிடம் எல்லா அறைச் சாவியையும் கொடுக்கிறோம் என்ற நினைப்பு இருக்க வேண்டும்.

டிஸ்க்கில் சேரும் குப்பை உண்மைதான், ஆனால் அதற்கும் வெளியாள் வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். எது எவ்வளவு இடம் என்று பட்டியல் வரும். விண்டோஸ் பெரிய பதிப்பு மாறியிருந்தால் பழைய விண்டோஸ் மொத்தமும் அங்கே பல ஜி.பி. கிடக்கும், திரும்பிப் போக மனமில்லை என்றால் அழிக்கலாம், விட்டாலும் பொதுவாக 10 நாளில் தானே போய்விடும். டவுன்லோட்ஸ் என்ற வரி கண்ணில் பட்டால் மட்டும் நிதானியுங்கள். அதில் டிக் போட்டால், நீங்கள் இறக்கி வைத்த ஆதார் நகல் முதல் பிள்ளையின் மார்க் ஷீட் வரை சேர்ந்து போகும். ப்ரீஃபெட்ச் என்ற ஃபோல்டரை அழிக்கச் சொல்லும் வீடியோக்களைக் கடந்து போய்விடுங்கள். மென்பொருட்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது.

பெரியப்பாவின் கதைக்கு வருகிறேன். பத்திரிகை தப்பிய அடுத்த வாரம் நேரில் போயிருந்தேன். சிஸ்டம் மந்தமாக இருக்கிறது என்றார். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சி.பி.யு. அழுத்தினேன். கீழே அப் டைம் என்ற இடத்தில் 41 நாள் என்று இருந்தது.

"பெரியப்பா, இதை ஆஃப் பண்றதே இல்லையா?"

"என்னடா இப்படிக் கேக்கற? தினம் கடை சாத்தும்போது ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் போறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் மென்பொருட்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு அணையும். காலையில் அதையே எடுத்து விரிக்கும். சீக்கிரம் எழுந்திருக்கும், ஆனால் புதிதாக எழுந்திருக்காது. டிரைவர்களில் சேர்ந்த சிக்கல் எல்லாம் மறுநாளும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அந்த எண் பூஜ்யத்துக்குப் போகும்.

கொடுத்தேன். எழுந்ததும் அப் டைம் ஒரு நிமிடம் என்று காட்டியது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு வேஸ்ட் பேப்பரில் "வெள்ளி சாயங்காலம் ரீஸ்டார்ட்" என்று மார்க்கரால் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார்.